போக ரெண்டு விசில், நிற்க ஒன்று

சேதுக்கரை விரைவுப் போக்குவரத்துக் கழகம் தன் பேருந்துகளை நிறுத்துவதில் என்றைக்குமே பெரிய ஆர்வம் காட்டியதில்லை. கை காட்டினால் நிற்காது. நிறுத்தத்தில் காத்திருந்தால் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஓடிப்போய்க் கம்பியைப் பிடிக்கும் நேரத்தில் கிளம்பிவிடும். பல வருஷம் இதையெல்லாம் சும்மாவே செய்துகொண்டிருந்த கழகத்துக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. நிற்காமல் போவதற்கே தனியாகக் கட்டணம் வாங்கினால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் 'இடைநில்லாச் சொகுசுப் பேருந்து'.

உக்கிரபாண்டிக்கு அதில் ஏற விருப்பமே இல்லை. பேர்தான் உக்கிரபாண்டி. திருப்புல்லாணிப் பக்கம் குண்டு மிளகாய் போடுகிற சம்சாரி. காக்கிச் சட்டையைக் கண்டால், அது கடிதம் கொண்டுவருகிற தபால்காரர் சட்டையாக இருந்தாலும், அவர் தோளில் கிடக்கும் துண்டு தானாகக் கைக்கு வந்துவிடும். ராமேஸ்வரத்தில் மைத்துனி மகளுக்கு வளைகாப்பு. ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் சாதாரண வண்டி எப்போது வரும் என்று விசாரிக்கப் போனவரை, மதுரையிலிருந்து வருகிற வழியில் பெரிய ஊர்களில் ஆள் ஏற்ற மட்டும் நிற்கிற இடைநில்லாவின் நடத்துநர் பிரபாகரன் முதுகில் கைவைத்து அப்படியே ஏற்றிவிட்டான். பின்னாலேயே அவர் மனைவி முருகலட்சுமியும் வயர்கூடையோடு ஏறினாள்.

"ஏறு, ஏறு, இந்தா எடுத்துட்டோம்!"

ராமநாதபுரத்தில் 'இந்தா எடுத்துட்டோம்' என்பது ஒரு கால அளவு. அதற்குள் ஒரு சாப்பாடு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஒரு தூக்கமும் போடலாம். ஆனால் அதை நம்பி இறங்கினவன் வண்டியைத் தவறவிடுவான். நிற்காத வண்டி, கிளம்புவதற்கு முன்னால் தன் வாழ்நாளுக்கும் சேர்த்து அங்கேயே நின்றது.

முருகலட்சுமி சர்க்கரை உள்ளவள். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஒரு எட்டு இறங்கிப் போயிட்டு வந்துர்றேன்."

"இப்ப எடுத்துருவோம்ங்கிறான்டி. நீ அங்கிட்டுப் போகவும் இவன் இங்கிட்டு எடுத்துட்டா நான் என்ன செய்வேன்?"

பிரபாகரன் இன்னும் பலமுறை 'இந்தா எடுத்துட்டோம்' சொன்னான். ஒவ்வொரு தடவையும் முருகலட்சுமி பாதி எழுந்து, பாதியில் உட்கார்ந்தாள். கடைசியில் அவள் உண்மையிலேயே எழுந்து நின்றபோது வண்டி உண்மையிலேயே கிளம்பியது.

வண்டிக்குள் ஓட்டுநர் தலைக்கு மேல் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'நடத்துநரின் விசில் இன்றி ஓட்டுநர் வண்டியை நிறுத்தக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. - பொது மேலாளர்.' ஓட்டுநர் ஒருவர் போகிற வழியில் மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி மோர் குடித்ததை அடுத்து வந்த சர்க்குலர் அது. கழகத்தில் எந்தத் தவறு நடந்தாலும் அதற்கு ஒரு சர்க்குலர் உண்டு. எல்லாச் சர்க்குலருக்கும் ஒரே சாரம்தான், வண்டி நிற்கக் கூடாது.

உச்சிப்புளி வந்ததும் முருகலட்சுமி நடத்துநரையே கேட்டுவிட்டாள். "தம்பி, செத்த ஓரங்கட்டச் சொல்லுப்பா. பொம்பள அவசரம்."

பிரபாகரன் கெட்டவன் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "யம்மா, வண்டிக்குப் பேரே இடைநில்லா. உங்களுக்காகப் பேரையா மாத்த முடியும்? பல்லைக் கடிச்சுக்கங்க, ராமேஸ்வரம் வந்துரும்."

பக்கத்து இருக்கையில் குல்சும் என்றொரு பெண். ராமேஸ்வரத்தில் தையல்கடை வைத்திருப்பவள். "அக்கா, எனக்கும் பரமக்குடியிலருந்து அதே கதைதான். இந்த வண்டியில ஏறுற பொம்பளைக காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கக் கூடாது. இது அவங்க எழுதாம விட்ட சர்க்குலரு" என்றாள்.

மண்டபத்துக்கு முன்னால் போலீஸ் சோதனைச்சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இடைநில்லாவும் நின்றது. ஓட்டுநர் சோணைமுத்து சங்கடத்தோடு திரும்பி, "நான் நிறுத்தல. வண்டிதான் நிக்கிது. யாரும் இதை நிறுத்தம்னு நினைச்சுராதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவைத்தான். பிரபாகரன் தானியங்கிக் கதவைத் திறக்கச் சொல்லி, டீ குடிக்க இறங்கினான். கதவு திறந்த வேகத்தில் முருகலட்சுமியும் இறங்கிவிட்டாள். செருப்பு இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது, கைப்பேசி வயர்கூடையில் கிடந்தது. வெறுங்காலோடு முள் அடர்ந்த உடைமரக் கூட்டத்துக்குள் அவள் சேலை மறைவதை உக்கிரபாண்டி ஜன்னல் வழியே பார்த்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மிளகாய்க் காட்டில் அவர் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. இத்தனை வருஷமாக அவர்கள் கூப்பிட்டுக்கொள்வது விசிலில்தான். விரலை மடக்கி வாயில் வைத்து அவர் ரெண்டு விசில் அடித்தால் 'வா' என்று அர்த்தம். அவள் பதிலுக்கு நீளமாக ஒன்று அடிப்பாள். 'வாரேன்' என்று அர்த்தம். கைப்பேசி வந்த பிறகும் அது மாறவில்லை. மிளகாய்ப் பழம் எடுத்த கையோடு கைப்பேசியைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற லாரி போய்விட்டது. உக்கிரபாண்டி எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை எட்டி, விரலை வாயில் வைத்து, உடைமரத்தைப் பார்த்து ரெண்டு விசில் அடித்தார்.

சோணைமுத்துவின் காதில் ரெண்டு விசில் விழுந்தது. கழகத்தில் ரெண்டு விசில் என்றால் 'போலாம்'. கதவு மூடியது, வண்டி கிளம்பியது.

உக்கிரபாண்டி ஜன்னலிலிருந்து உள்ளே விழுந்தார். ஒரு நிமிஷம் என்ன நடந்தது என்றே புரியவில்லை. பிறகு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். கையில் டீ கிளாஸோடு பிரபாகரன் ஓடிவந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே, முருகலட்சுமி ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் குத்தியிருக்க வேண்டும். பிறகு ஒரு வளைவு வந்தது, இருவரையும் காணவில்லை.

"யோவ், நிறுத்துய்யா! என் பொஞ்சாதி இறங்கிட்டா! கண்டக்டரும் இறங்கிட்டாரு!"

"கண்டக்டர் இறங்கிட்டாரா?" சோணைமுத்துவின் குரல் மாறியது. "அப்ப விசில் கொடுத்தது யாரு?"

"நான்தான்ய்யா! தெரியாம அடிச்சுட்டேன்! நிறுத்து!"

"பெரியவரே, நீங்க அடிச்சது செல்லாத விசிலு. அதுக்கு நான் எடுத்ததே தப்பு."

"அப்ப நிறுத்து!"

"எப்படி நிறுத்துறது? நிறுத்தணும்னா கண்டக்டர் விசில் வேணும். கண்டக்டர் அங்கன நிக்கிறாரு."

"அவரை ஏத்தத்தான்யா நிறுத்தச் சொல்றேன்!"

"அவரு விசில் இல்லாம நிறுத்துனா எனக்கு மெமோ. போன மாசந்தான் ஒரு மெமோ வாங்கி, எம் மக கல்யாணத்துக்கு லீவு போச்சு. ஓடுன வண்டிக்கு எவனும் மெமோ வாங்குனதில்லை பெரியவரே. நின்ன வண்டிக்குத்தான் மெமோ." சோணைமுத்துவின் புறங்கழுத்தில் வேர்வை வழிந்தது. அவனும் பயந்துதான் போயிருந்தான். பயந்தவன் காலுக்கு ஆக்ஸிலேட்டர்தான் தெரியும் போலிருந்தது.

குல்சும்தான் யோசனை சொன்னாள். "அண்ணே, போறதுக்கு உங்க விசில் செல்லுச்சுல்ல? அதே மாதிரி ஒத்த விசில் அடிங்க. தன்னால நிப்பாட்டுவான்."

உக்கிரபாண்டி விரலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. பயத்தில் வாய் ஒட்டிப்போய், நாக்கு மேலண்ணத்தில் பசைபோட்ட மாதிரி கிடந்தது. வாழ்நாள் முழுக்கக் கிளியும் காக்காயும் விரட்டிய வாயில், பொஞ்சாதிக்காக ஒரு விசில் வரவில்லை.

"வந்தாலும் பிரயோசனமில்லை. கண்ணாடியில உங்களைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பயணி ஊதுறது தெரிஞ்சே நிறுத்துனா டிஸ்மிஸ்தான். அப்ப நீங்க வெளிய எட்டி அடிச்சீங்க, கண்ணாடியில தெரியல. கண்ணாடியில தெரியாத விசிலு கண்டக்டர் விசிலு. அப்படித்தான் எங்களுக்கு ட்ரெயினிங்கு" என்றான் சோணைமுத்து.

வயர்கூடைக்குள் கைப்பேசி அடித்தது. உக்கிரபாண்டி அவசரமாக எடுத்தார். மைத்துனி. "அக்கா எங்க வாரீக?" என்றாள். அவர் கைப்பேசியைக் கூடைக்குள்ளேயே போட்டுவிட்டார். அது உள்ளே கிடந்து 'அக்கா, அக்கா' என்றது.

குல்சும் தன் கைப்பேசியில் கழகத்தின் புகார் எண்ணை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். இனிமையான ஒரு பெண்குரல், பேருந்து வரவில்லை என்றால் ஒன்றையும், தாமதமாக வந்தால் இரண்டையும், நின்றுபோயிருந்தால் மூன்றையும் அழுத்தச் சொன்னது. நிற்கவே மாட்டேன் என்கிற பேருந்துக்கு எண் இல்லை. எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அழுத்தியதில் ஓர் ஆள் வந்தார்.

"சொல்லுங்க மேடம், வண்டி எங்க நிக்கிது?"

"நிக்கலை சார். அதுதான் புகாரு."

"நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுது."

"ஓடுற வண்டி மேல என்ன மேடம் புகார் எடுக்கிறது? நின்ன உடனே கூப்பிடுங்க, உடனடி நடவடிக்கை எடுக்கிறோம்."

"சார், ஒரு பொம்பளையை நடுக்காட்டுல விட்டுட்டு வந்துருக்கு!"

"அது காணாமப்போன பொருள் பிரிவு. நாளைக்குத்தான் ஆள் வருவாங்க. எதுக்கும் மேலிடத்துக்குச் சொல்றேன். பொது மேலாளரே இன்னைக்கு ராமேஸ்வரத்துலதான் இருக்காரு, பயணிகள் நல வார விழாவுக்கு."

உக்கிரபாண்டிக்குக் காணாமப்போன பொருள் என்ற வார்த்தை நெஞ்சில் அடித்தது. இருக்கைக்கு அடியிலிருந்து அவள் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சர்க்கரை உள்ள கால். முள் தைத்தால் ஆறாது என்று டாக்டர் அம்மா அவ்வளவு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கையில் காசு இல்லை, கைப்பேசி இல்லை, காலில் செருப்பில்லை. எல்லாவற்றையும் தன் மடியில் வைத்துக்கொண்டு தான் மட்டும் சொகுசாகப் போய்க்கொண்டிருப்பதை நினைக்க அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

பாம்பன் பாலத்தில் காற்று வண்டியை ஓரமாகத் தள்ளியது. சுற்றுலா வந்தவர்கள் தங்கள் கார்களைப் பாலத்திலேயே நிறுத்திவிட்டுக் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் எல்லா வண்டியும் நிற்கிற இடம் அது, இந்த ஒரு வண்டியைத் தவிர. சோணைமுத்து ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி அவர்களுக்கு நடுவே புகுந்து போனான். ஆட்கள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். ஜன்னலுக்குக் கீழே ரோடு தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது. உக்கிரபாண்டி குலசாமியைக் கூப்பிட்டார். குல்சும் "யா அல்லாஹ்" என்று முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வடக்கேயிருந்து வந்த யாத்திரைக்காரர்கள் மட்டும், இதெல்லாம் டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

தங்கச்சிமடத்தைத் தாண்டி ராமேஸ்வரம் பேருந்து நிலையம் வந்தபோது எல்லோருக்கும் உயிர் வந்தது. இதுதான் கடைசி நிறுத்தம், இதற்கு மேல் எங்கே போகும்? வண்டி மெதுவாக உள்ளே நுழைந்தது. நேரக்காப்பாளர் தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கண்டக்டர் எங்கப்பா?"

"மண்டபத்துக்கு முன்னாலயே இறங்கிட்டாரு சார்!" வண்டியை ஊர்ந்தபடியே விட்டுக்கொண்டு சோணைமுத்து கத்தினான்.

"அப்ப வண்டி வரலை."

"இந்தா வந்துருக்கே சார்!"

"நீ வந்துருக்க. வண்டி வந்ததா நான் எழுதணும்னா கண்டக்டர் கையெழுத்துப் போடணும். கையெழுத்து இல்லாத வண்டி வராத வண்டி. வராத வண்டிக்கு இங்கன நிக்க இடம் கிடையாது. பின்னால வேற வண்டி வருது, எடு, எடு!"

"எங்க சார் போறது?"

"வந்தப்பறம் சொல்றேன், போ!"

பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். சோணைமுத்து வந்த வழி போகாமல் வேறு வழியாக வெளியே வந்து, பிரிகிற ரோட்டில் எல்லாம் நெரிசல் இல்லாத பக்கமாகவே திருப்பிக்கொண்டு போனான். நெரிசல் குறைந்துகொண்டே வந்தது. பிறகு வீடுகள் குறைந்தன. பிறகு மரங்களே இல்லை. இந்தப் பக்கம் அலையில்லாத பெண்கடல், அந்தப் பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், நடுவில் நேர்கோடாக ஒரே ரோடு. தனுஷ்கோடி ரோடு என்று எல்லோருக்கும் புரிந்துபோனது. யாத்திரைக்காரர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

"ஏ சோணைமுத்து, இந்த ரோடு கடல்ல போய் முடியுதுய்யா!" என்று குல்சும் கத்தினாள்.

"தெரியும் தாயி" என்றான் அவன்.

"டீசலாவது தீருமா?"

"தீராது. மதுரைக்குப் போக வர ரொப்பிருக்கு."

உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டார். தான் செத்துப்போவதைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. தன்னைத் தேடி மண்டபம் ரோட்டில் வெறுங்காலோடு ஒருத்தி நடந்துவருவாளே, வளைகாப்பு வீட்டில் போய் யாரிடம் கேட்பாள் என்பதுதான் அவர் கவலையாக இருந்தது. கூப்பிட்டது அவர்தானே. அவர் விசிலை நம்பித்தானே அவள் பாதியில் எழுந்து ஓடிவந்தாள்.

வண்டி கடலுக்குள் போகவில்லை. அரிச்சல்முனையில் ரோடு முடிகிற இடத்தில், நடுவே ஒரு தூணை வைத்து வட்டமாகச் சுற்றிவர விட்டிருக்கிறார்கள். சோணைமுத்து அந்த வட்டத்தில் வண்டியை ஏற்றினான். இனி முன்னால் போக வழியில்லை, நிற்கவும் வழியில்லை. சுற்ற ஆரம்பித்தான்.

சங்கு விற்கிறவர்கள் கடையைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடினார்கள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே சுற்றியது. கூடையிலிருந்த வளையல் டப்பா உருண்டு உருண்டு கதவோரம் போய்ச் சேர்ந்தது. உள்ளே ஒருவர் வாந்தி எடுத்தார். யாத்திரைக்காரர்கள் கை தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

சற்று நேரத்தில் ஜீப்பில் பொது மேலாளர் நாகநாதன் வந்து சேர்ந்தார். விழா மேடையிலிருந்து நேராகக் கிளம்பிவந்ததால் கழுத்தில் மாலை, கையில் மைக், ஜீப் மேல் விழாவுக்குக் கட்டிய பெரிய ஃப்ளெக்ஸ் பேனர், பின்னால் நாலைந்து அதிகாரிகள். பேனரில் 'பயணிகள் நலனே எங்கள் மூச்சு' என்று எழுதி அவர் படத்தைப் பேருந்தைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மைக்கைப் பார்த்தால் நாகநாதனால் சும்மா இருக்க முடியாது. பேச ஆரம்பித்தார். வண்டி சுற்றிக்கொண்டிருந்ததால் அவர் அருகே வரும்போதெல்லாம் பேச்சில் ஒரு துண்டு மட்டும் உள்ளே கேட்டது.

"...பயணிகள் யாரும் பதற வேண்டாம். பதறுவதற்கு இந்த வகைப் பேருந்தில் அனுமதி இல்லை..."

அடுத்த சுற்றில், "...இடைநில்லா என்று சொன்னோம். நின்றதா? நின்றது என்று ஒரு பயணி சொல்லட்டும், இங்கேயே நான் ராஜினாமா செய்கிறேன்..."

அதற்கடுத்த சுற்றில், "...பெண் பயணி ஒருவர் விடுபட்டுவிட்டதாக வதந்தி. மண்டபத்துக்கு முன்னால் நமக்கு நிறுத்தமே கிடையாது. நிறுத்தம் இல்லாத இடத்தில் யாரும் இறங்க முடியாது. ஆகவே அவர் இறங்கவில்லை. இறங்காதவர் பத்திரமாக வண்டிக்குள்தான் இருக்கிறார்..."

உக்கிரபாண்டி தன்னையறியாமல் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அதிகாரி சொன்ன பிறகும் யாரும் இல்லாதது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. காணாமல் போனவளைத் தேடலாம். காணாமல் போகவே இல்லை என்று மைக்கில் சொல்லிவிட்டால் எவன் தேடுவான்?

"சார், நிறுத்தச் சொல்லுங்க சார்!" என்று குல்சும் ஜன்னல் வழியே கத்தினாள்.

நிறுத்துவதற்கு எழுத்து மூலம் உத்தரவு தயாரானது. ஓர் அதிகாரி தாளோடு வண்டிக்குப் பக்கவாட்டில் ஓடிவந்தார். "பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடுப்பா!"

"வண்டி ஓட்டுறப்ப கையெழுத்துப் போட்டா மெமோ சார்! நின்னாத்தான் போடலாம்!"

"கையெழுத்துப் போட்டாத்தான் நிக்கலாம்!"

அவர் மூச்சு வாங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க வாயால சொன்னா நிறுத்துவான் சார்" என்று வேறொருவர் நாகநாதனிடம் சொல்லிப் பார்த்தார். "என் சர்க்குலரை நானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்?" என்ற பதில் மைக்கிலேயே வந்தது.

அப்போதுதான் தூரத்தில் ஒரு மீன்வண்டி தெரிந்தது. தங்கச்சிமடத்து இமானுவேலின் வண்டி. வழிநெடுக 'நிக்காத பஸ்ஸு எங்கிட்டுப் போச்சு' என்று விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறான். முன்சீட்டிலிருந்து பிரபாகரன் குதித்தான். அவனுக்குப் பின்னால், நொண்டிக்கொண்டே, முருகலட்சுமி இறங்கினாள்.

உக்கிரபாண்டி ஜன்னலுக்குத் தாவினார். "ஏத்தா! ஏ முருகு!" என்று கத்தினார். காற்று அதைக் கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. வண்டி அவளைத் தாண்டிச் சுற்றிப் போய்விட்டது.

பிரபாகரன் ஓடிவந்து விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். அதற்குள் நாகநாதன் மைக்கில் அறிவித்தார். "பணி நேரத்தில் வண்டியை விட்டு இறங்கிய நடத்துநர் இந்த நிமிடத்திலிருந்து தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்! தவறு செய்பவர்கள் யாராக இருந்தாலும் உடனடி நடவடிக்கை!"

அதிகாரிகள் கை தட்டினார்கள். பிரபாகரன் வாயில் வைத்த விசிலை எடுத்துவிட்டான்.

"சார், அப்ப நான் விசில் கொடுக்கலாமா, கூடாதா?"

"பணியில் இல்லாத நீ எப்படிய்யா விசில் கொடுப்பே?"

ஆக, கழகத்தில் அந்த வண்டியை நிறுத்தக்கூடிய ஒரே ஒரு ஆளையும் கழகம் நீக்கிவிட்டது. வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

குல்சும் தன் பையிலிருந்த கடைசி மடக்குத் தண்ணீரை உக்கிரபாண்டிக்கு நீட்டினாள். அவர் குடிக்கவில்லை. வாயைக் கொப்பளித்து நனைத்துக்கொண்டார். அவள் நிற்கும் இடம் நெருங்கியது. ஜன்னல் வழியே இடுப்பு வரை எட்டி, விரலை மடக்கி வாயில் வைத்து, உயிரைக் கூட்டி ஊதினார். ரெண்டு விசில்.

முருகலட்சுமி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் கையும் வாய்க்குப் போனது. காட்டில் அடிக்கிற அதே விசில், நீளமாக, ஒன்றே ஒன்று.

வண்டி நின்றது. மணலும் தூசியும் அடங்கின.

"எவன்டா நிறுத்தினது?" என்றார் நாகநாதன்.

"விசில் கேட்டுச்சு சார். கண்ணாடியில யாரும் தெரியல" என்றான் சோணைமுத்து. ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க அவனால் முடியவில்லை. விரல்கள் அப்படியே மடங்கிக் கிடந்தன.

கதவு திறந்ததும் எல்லோரும் விழுந்தடித்து இறங்கினார்கள். உக்கிரபாண்டி வளையல் டப்பாவைப் பொறுக்கிப் போட்டு, வயர்கூடையைத் தோளில் மாட்டி, செருப்பை இரு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடினார். குனிந்து அவள் காலைப் பார்த்தார். முள்ளை இமானுவேல் எடுத்துவிட்டிருந்தான், கொஞ்சம் ரத்தம்தான். "கோவிச்சுக்காதடி, நாந்தான் விசில் அடிச்சேன்" என்றார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"அதெல்லாம் வீட்டுல போய்ப் பேசிக்கிறேன். நான் இன்னும் போகலைங்க. உக்காரப் போறேன், நீங்க விசில் அடிக்கிறீக."

உக்கிரபாண்டி சுற்றிப் பார்த்தார். ஒரு செடி இல்லை, ஒரு மறைவு இல்லை. எல்லாப் பக்கமும் கடலும் சனமும்தான். நாகநாதனிடம் போய்த் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "அய்யா, பொம்பளைகளுக்கு அவசரம்..."

"இடைநில்லாப் பேருந்துப் பயணிகளுக்கு இடையில் எந்தத் தேவையும் வராது என்றுதான் திட்டத்திலேயே எழுதியிருக்கிறோம்" என்றார் நாகநாதன். "ஸ்தல விசாரணை நடக்கப்போகிறது. காற்றில் தாள் பறக்கிறது, எல்லா அதிகாரிகளும் வண்டிக்குள் வாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கட்டும்." அதிகாரிகள் வரிசையாக ஏறினார்கள்.

குல்சும் பையிலிருந்து துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். ஜீப்பின் மேல் ஏறி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்த கயிறுகளை நறுக்கினாள். நாலு பெண்கள் நாலு மூலையைப் பிடித்து, கடலோரமாக வளைத்து நிறுத்தினார்கள். 'பயணிகள் நலனே எங்கள் மூச்சு' என்ற எழுத்து வெளிப்பக்கமாக இருந்தது, சிரித்தபடி கும்பிடும் நாகநாதனும். பரமக்குடியிலிருந்து அடக்கிவந்தவர்கள், மதுரையிலிருந்து அடக்கிவந்தவர்கள், வடக்கத்திப் பெண்கள் என்று ஒவ்வொருவராக உள்ளே போய்வந்தார்கள். முதலில் போனது முருகலட்சுமிதான்.

ஆண்கள் பக்கம் உக்கிரபாண்டி கையை விரித்துக் காவல் நின்றார். "ஏலே, எவனும் திரும்பிப் பாக்கக் கூடாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் சங்கு விற்கிறவர்களும் திரும்பிக்கொண்டார்கள். அப்படி ஒரு சத்தம் தன்னிடமிருந்து வந்ததில் அவரே திடுக்கிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தது. முருகலட்சுமி முகம் கழுவிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றுவிட்டாள். வளைகாப்புக்கு நேரமாகிறது. இமானுவேல் மீன்வண்டியைத் திருப்பி நிறுத்தி, வரச்சொல்லிக் கை காட்டினான். உக்கிரபாண்டி ஒரு தடவை பேருந்தைப் பார்த்தார். உள்ளே அதிகாரிகள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாகநாதன் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். விரலை மடக்கி வாயில் வைத்து ரெண்டு விசில் அடித்தார்.

பழக்கத்தில் அடித்தாரா, தெரிந்தே அடித்தாரா என்று இன்றுவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கதவு மூடியது. வண்டி கிளம்பியது. வட்டத்தை ஒருமுறை சுற்றி ரோட்டில் இறங்கியது. ஜன்னல் வழியாக நாகநாதனின் மாலையும் கையும் தெரிந்தன. "நிறுத்து! நான் பொது மேலாளர் சொல்றேன், நிறுத்து!" என்ற சத்தம் தேய்ந்துகொண்டே போனது. சோணைமுத்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் இருந்திருப்பான்.

முருகலட்சுமிக்கு மனசு கேட்கவில்லை. வழக்கமான பதில் விசிலுக்குக் கையைத் தூக்கினாள். உக்கிரபாண்டி அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

பிரபாகரன் தன் விசிலை எடுத்துப் பார்த்தான். "நான் சஸ்பெண்டுல இருக்கேன்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அண்ணே, நீங்களாச்சும் ஒத்த விசில் ஊதுங்களேன். பாவம், கடைசி நிறுத்தத்துலயும் நிக்காதே அது" என்றாள் குல்சும்.

உக்கிரபாண்டி நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார்.

"வாய் வறண்டு போச்சு தாயி" என்றார்.